ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னுடையதல்ல.

ஒரு கவிதை வாசிப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கவிதைமேல் உள்ள காதலால் போனேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே ஏசி இருந்தது, அனுமதி இலவசம். மேடையில் ஒருவர், செத்துப்போன மனைவியை நினைத்து உருகிக்கொண்டிருந்தார். அவள் கூந்தல் வாசம் போய்விடக் கூடாதென்று தலையணை உறையை மாற்றவே இல்லை என்ற வரி வந்ததும் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னது:

"அந்த உறையை நேத்துத்தானே மாத்தினேன்."

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னதென்று தெரியவில்லை. யாராவது கைபேசியில் வீட்டு வேலையைப் பற்றிப் பேசியிருக்கலாம். சோபா உறையாகக்கூட இருக்கலாம். விசாரித்துத் தெரிந்துகொள்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. விசாரித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆக, இனிமேல் வருகிறவர்கள் எல்லோரும் நான் பண்ணினவர்கள். குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள். அவர்களைத் திட்டாதீர்கள், ஏற்கெனவே அவர்களுக்கு நிறைய கஷ்டம் வைத்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மரணம் என்பது ஒரு மௌனமான

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாம் முயற்சி:

அந்த மாலையில் அரங்கின் வாசலில் வந்து இறங்கிய பெண்ணுக்குத் தான் இறந்துவிட்டோம் என்பது தெரியாது.

(பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். கடைசியில் பேய் வராதபோது கோபம் வரும். நியாயமான கோபம்.)

மூன்றாம் முயற்சி:

கவிஞர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர்.

இது தேவலை. தரையில் காலை ஊன்றி நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

கவிஞர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர். காலையிலிருந்து மாலைவரை இருட்டறையில், வந்தவர் மூக்கின் மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்: "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டதா?" வந்தவர் யோசிப்பார். "இன்னொரு தடவை போடுங்க" என்பார். இவர் சலிக்காமல் போடுவார். பொறுமையான மனிதர். கவிஞர்களில் இது அபூர்வம் என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட கழுத்து, மடங்காத முழங்கால், தூக்க முடியாத கை இவற்றையெல்லாம் வழிக்குக் கொண்டுவருவது அவள் வேலை. எதிரே யார் நின்றாலும் முதலில் அவள் பார்ப்பது முகத்தை அல்ல, தோளை. புருஷன் பொய் சொல்லும்போது அவருடைய இடது தோள் காதை நோக்கி ஏறும் என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவரிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தோளை அடக்கக் கற்றுக்கொள்வாரே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேலை. கவிதைக் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். எனவே அவள் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அவர் திரும்பி வந்ததும் கேட்பாள்.

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"நிறையவா?"

"நிறையத்தான்."

அப்போது தோள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாதவர்களிடம் "எங்க வீட்டுக்காரர் கவிஞர்" என்று சொல்லுவாள். அவர்களால் தலையாட்ட முடியாது.*

* கழுத்து நோயாளிகள் மன்னிக்க. இந்த நகைச்சுவையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்க மனம் வரவில்லை.

4

இனி அந்தக் கவிதை எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். இங்கேதான் கவிஞரை எனக்குப் பிடிக்காமல் போக இருந்தது.

ஒருமுறை மனைவி, குழந்தை பெற்ற தன் அக்காவுக்கு ஒத்தாசையாக வெளியூர் போயிருந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது. அவர் ஒரு கவிதை எழுதினார், பெயர் 'இரண்டாவது தலையணை'. நீ இல்லாமல் வீடு சரியில்லை, சீக்கிரம் வா, கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் விஷயம். உண்மையான கவிதை. ஊர்க் கவிதை மன்றத்தில் வாசித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மன்றச் செயலாளர் கொட்டாவி விட்டார். சாதாரணக் கொட்டாவி அல்ல, கடைவாய்ப்பல் தெரிகிற கொட்டாவி.

கவிஞர் வீட்டுக்கு வந்தார். அந்தக் கொட்டாவியை மறக்க முடியவில்லை. கவிதையை எடுத்து அங்கே ஒரு வில்லை, இங்கே ஒரு வில்லை மாற்றிப் போட்டுப் பார்த்தார். "சீக்கிரம் வா" என்பதை "இனி வரமாட்டாய்" என்று ஆக்கினார். மருந்துச் சீட்டு ஒன்றைச் சேர்த்தார். நின்றுபோன மூச்சு ஒன்றைச் சேர்த்தார். அடுத்த கூட்டத்தில் வாசித்தார்.

அரங்கம் கதறியது. செயலாளர் மேடைக்கே ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே, இவ்ளோ பெரிய துக்கத்த மனசுல வச்சுக்கிட்டு…" என்று தேம்பினார்.

'இல்லை, அவள் நன்றாக இருக்கிறாள், அக்கா வீட்டில் குழந்தைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறாள்' என்று சொல்லத்தான் கவிஞர் வாயைத் திறந்தார். ஆனால் தோளில் முகம் புதைத்து அழுகிற ஒரு மனிதனிடம் அதை எப்படிச் சொல்வது? சட்டை வேறு நனைந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லா மேடையிலும் அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள். எல்லா மேடையிலும் அதே கவிதையைக் கேட்டார்கள். மனைவி ஊரிலிருந்து திரும்பி வந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், உறை மாற்றினாள், கேஸ் தீர்ந்துவிட்டது என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் செத்தும் போனாள்.

(இந்த இடத்தில் அவரை விட்டுவிட்டு வேறு நாயகனைத் தேடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு அந்தக் கொட்டாவியை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் கொட்டாவிகள் தெரியும். அவரை வைத்துக்கொண்டேன்.)

5

மன்றத்தின் வழக்கங்கள் இரண்டு. இவை இல்லாமல் கதை நகராது, கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று: கவிஞர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கவியரங்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் தடவை காதுக்கு, இரண்டாம் தடவை கைக்கு. முதலில் வாசிக்கும்போது கேட்பவர் புரிந்துகொள்கிறார். மறுபடி வாசிக்கும்போது, தான் புரிந்துகொண்டதைக் கைதட்டித் தெரியப்படுத்துகிறார். ஒரே தடவை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் கவிஞரை இந்த மன்றம் மரியாதை தெரியாதவராகக் கருதும்.

இரண்டு: கடைசிக் கவிதை கேட்பவர் விருப்பம். அரங்கத்தின் விளக்குகளைப் போட்டுவிட்டு, செயலாளர் "என்ன கவிதை வேணும்?" என்பார். யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அந்தக் கவிதை.

இப்போது மனைவியைக் கூட்டத்துக்கு அழைத்துவர வேண்டும். ஒரு ஞாயிறு அவளுக்கு வேலை மாறியது. அவ்வளவுதான். இதற்குப் பெரிய காரணமெல்லாம் எழுதிப் பார்த்தேன், எல்லாம் போலியாக இருந்தது. வேலை மாறுவது உலகத்தில் நடக்கிறதுதானே.

அவரிடம் சொல்லாமல் வந்து அசத்த வேண்டும் என்று நினைத்தாள். விசேஷத்துக்கு மட்டும் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள். அவள் வந்து சேர்ந்தபோது விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலி. பக்கத்து இருக்கையில் பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள். இனி இவரைக் கைப்பை அம்மாள் என்போம்.

6

"புதுசா வர்றீங்களா?" என்றார் கைப்பை அம்மாள்.

"ஆமாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவை." எனக்குத் தெரிந்தவர்தான் வாசிக்கிறார் என்று சொல்ல மனைவிக்கு நாக்கு துறுதுறுத்தது. கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டாள்.

"நல்ல நாள் பார்த்து வந்திருக்கீங்க. இவர் வாசிச்சா கல்லும் கரையும். கைக்குட்டை வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு?"

"பாவம், சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டாங்கல்ல."

"யாரோட சம்சாரம்?"

"இவரோடதுதான்."

மனைவி மேடையைப் பார்த்தாள். வெளிச்சத்தில் நின்று, மழையைப் பற்றி எதையோ இரண்டு இரண்டு தடவை வாசித்துக்கொண்டிருந்தது அவள் புருஷனேதான். சட்டைகூட அவள் இஸ்திரி போட்டது.

(இந்த இடத்தில் அவள் எழுந்து நின்று கத்தியிருக்கலாம். கத்தவைத்துப் பார்த்தேன். "யோவ்!" என்று ஒரு வாக்கியம் எழுதினேன். ஒட்டவில்லை. வலிக்கிறது என்று வருபவரிடம் உடனே கை வைக்கமாட்டாள் அவள். எங்கே, எப்படி, எவ்வளவு நாளாக என்று முதலில் கேட்பாள்.)

"எப்படிப் போனாங்களாம்?" என்று கேட்டாள்.

"நெஞ்சுவலின்னு சொல்றாங்க. சிலபேர் காய்ச்சல்ங்கிறாங்க. கவிதையில மருந்துச் சீட்டுன்னு மட்டும் வரும்."

"ரொம்ப நாளாச்சா?"

"அது ஆச்சு. ஆனா மனுஷன் இன்னும் மறக்கலைங்க. எப்பேர்ப்பட்ட பொம்பளை தெரியுமா! மகாலட்சுமி மாதிரியாம். அதிர்ந்து பேசமாட்டாங்களாம்."

"யாரு?"

"செத்துப்போனவங்கதான்."

மனைவிக்கு அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. யார் இவள், அதிர்ந்து பேசாதவள்?

கைப்பை அம்மாள் குரலைத் தணித்தார். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. எங்க தங்கச்சி ஒருத்தி இருக்கா. அவளுக்கும் துணை இல்ல. இன்னிக்கு முடிஞ்சதும் இவர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன். பார்த்தா நல்ல மனுஷனாத்தானே தெரியுது?"

மனைவி கொஞ்ச நேரம் மேடையையே பார்த்தாள். பிறகு நேர்மையாகப் பதில் சொன்னாள். "குறட்டை விடுவாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுத்தைப் பார்த்தாலே தெரியும். நான் பிசியோதெரபி பண்றவ. நீங்க இவ்ளோ பெரிய பையை ஒரே தோள்ல மாட்டாதீங்க, பின்னால கஷ்டப்படுவீங்க."

7

விளக்குகள் எரிந்தன. செயலாளர் மைக்கைப் பிடித்தார். "கடைசிக் கவிதை, உங்க விருப்பம்! என்ன வேணும்?"

கவிஞர் கண்ணைச் சுருக்கி அரங்கத்தைப் பார்த்தார். ஊராருக்கெல்லாம் கண் சோதிப்பவருக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மட்டு. மூன்றாவது வரிசையில் விசேஷத்துக்குக் கட்டும் புடவை ஒன்று தெரிந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். அப்புறம் புடவைக்கு மேலே பார்த்தார்.

அவள் கையைத் தூக்கியிருந்தாள்.

"இரண்டாவது தலையணை!" என்று அவள் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

கவிஞர் தாள்களைப் புரட்டினார். "அதை… அதை அடிக்கடி வாசிச்சாச்சு. வேற ஒண்ணு வாசிக்கட்டுமா? பறவைங்களைப் பத்திப் புதுசா…"

"பறவை வேணாம்! தலையணைதான்!" என்றது அரங்கம். செயலாளர் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்துவிட்டார்.

இங்கே நிறுத்துகிறேன். அவர் முன்னால் இப்போது இருப்பவை என்னவென்று பாருங்கள். வாசித்தால், பெண்டாட்டி கண்முன்னாலேயே அவளைச் சாகடிக்க வேண்டும். அதுவும் வழக்கப்படி ஒவ்வொரு வரியிலும் இரண்டு தடவை. வாசிக்காமல் உண்மையைச் சொன்னால், இந்த அரங்கம், இந்தக் கண்ணீர், இந்தக் கைதட்டல் எல்லாம் போய்விடும். பழையபடி செயலாளரின் கடைவாய்ப்பல்தான் மிஞ்சும். அவருக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஒன்று மேடையில் நின்றுகொண்டிருந்தது. மற்றது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு உதவலாம் என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். "திடீரென்று விளக்குகள் அணை" என்பதுவரை எழுதினேன். கோழைத்தனம் என்று தோன்றியது. அவருடையதல்ல, என்னுடையது. விளக்குகள் எரியட்டும்.

8

வாசித்தார்.

"கட்டிலில் இரண்டு தலையணை; தலையோ ஒன்றே ஒன்று."

மனைவி அவர் தோளைப் பார்த்தாள். இடது தோள் மெல்ல மேலே ஏறிக் காதுமடலைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. இனி வழக்கப்படி அதே வரியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். வாயைத் திறந்தார். அதே வரி வரவில்லை.

"கட்டிலில் இரண்டு தலையணை, தலையும்… இரண்டுதான்."

அரங்கம் ஒரு கணம் விழித்தது. அப்புறம் ஓர் ஓரத்திலிருந்து விம்மல் கேட்டது. "ஐயோ, இன்னும் பக்கத்துல இருக்கிறதாவே நினைச்சுக்கிட்டு இருக்காரே!" என்று கைப்பை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உன் கூந்தல் வாசம் போய்விடக் கூடாதென்று உறையை நான் மாற்றவே இல்லை."

"அந்த உறையை நேத்துத்தானே மாத்தினேன்" என்றாள் மனைவி, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

(வந்துவிட்டது என் வாக்கியம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துக்கொண்டு வந்தேன். இனிமேல் வருவது எனக்கும் புதிது.)

"உறையை நான் மாற்றவே இல்லை," என்றார் கவிஞர் இரண்டாம் தடவையாக. கொஞ்சம் நிறுத்தி, "நீதான் மாற்றுகிறாய். நேற்றுக்கூட மாற்றினாய். நான் கவனிக்கவில்லை" என்று சேர்த்தார்.

செயலாளர் வாய்விட்டே அழுதார். இத்தனை நாள் கேட்ட கவிதைக்குள் இப்படி ஒரு பாதாளம் இருந்ததா! செத்தவள் வந்து உறை மாற்றிவிட்டுப் போகிறாள், கணவன் கவனிக்கவில்லை! அரங்கத்தில் ஒருவருக்கொருவர் கைக்குட்டை கைமாற்றிக்கொண்டார்கள்.

கவிஞருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. பொய் சொன்னபோது அழுதார்கள், சரி. இப்போது உண்மையைச் சொல்கிறார், அதைவிட அதிகமாக அழுகிறார்கள். வேறு வழியில்லாமல் இன்னும் பட்டவர்த்தனமாகச் சொல்லிப் பார்த்தார்.

"நீ கலக்காத தேநீரில் சர்க்கரை கரைவதில்லை" என்று முதல் தடவை.

"தேநீர் கலப்பது நான்தான். சர்க்கரை போதாது என்பாய். ஒருநாளும் நான் கூடுதலாகப் போட்டதில்லை" என்று இரண்டாம் தடவை.

"மருந்துச் சீட்டின் கடைசி வரியில் நின்றுபோனது உன் மூச்சு" என்று முதல் தடவை.

"உன் மூச்சு நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். நீ மேலே போய்த் திரும்பிப் பார்த்து நிற்பாய். நீ எதற்கு நிற்கிறாய் என்று நான் யோசித்ததே இல்லை" என்று இரண்டாம் தடவை.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மனைவி தட்டவில்லை. அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை ஏறுவதும் இரண்டாம் தடவை இறங்குவதுமாக இருந்த அந்தத் தோள், மாடிப்படி வரியில் முழுவதுமாக இறங்கி, கல்யாணமான புதிதில் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. அவளுக்கு அந்தத் தோளில் கை வைக்கத் தோன்றியது. அதே சமயம் எழுந்துபோய் அவரை நாலு சாத்து சாத்தவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் உண்மை. நான் எதையும் குறைக்கப் போவதில்லை.

கடைசி வரி.

"இனி யாருக்காக என் கதவைத் திறப்பேன்?"

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தது. கவிஞர் வாயைத் திறந்தார், மூடினார். அந்த வரிக்கு அவரிடம் இன்னொன்று இல்லை.

"நீங்க ஒண்ணும் திறக்க வேணாம்," என்றது மூன்றாவது வரிசை. "என்கிட்ட சாவி இருக்கு."

9

எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் வீட்டுச் சாவி. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கைப்பை அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"போய்ச் சேர்ந்தவ."

இந்த இடத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது, கவிஞர் அவமானப்பட்டார், மன்றம் அவரைத் துரத்தியது என்று எழுதத்தான் பேனாவை அழுத்தினேன். செயலாளர் முந்திக்கொண்டார். மேடையில் தாவி ஏறி மைக்கைப் பறித்தார்.

"அன்பர்களே! புது முயற்சி! கவிதையும் நாடகமும் கலந்த புது முயற்சி! செத்தவங்களே வந்து வரியை முடிச்சுவைக்கிறாங்க! நம்ம மன்ற வரலாற்றிலேயே இப்படி ஒண்ணு நடந்ததில்ல! அந்த அம்மாவுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்க!"

அரங்கம் எழுந்து நின்றது. மனைவியைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். "ரொம்ப இயல்பா நடிச்சீங்கம்மா" என்றார் ஒருவர். "அந்த உறை வசனம் இருக்கே, அப்பப்பா!" என்றார் இன்னொருவர். "எந்தக் குழுவுல நடிக்கிறீங்க?" என்று கேட்டார் மற்றொருவர்.

"ஆஸ்பத்திரியில" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்கள்.

கைப்பை அம்மாள் மட்டும் ஓரமாக வந்து அவள் முழங்கையைத் தொட்டார். "நாடகம்தானே? அப்ப நிஜ சம்சாரம் போனது போனதுதானே? நான் தங்கச்சி விஷயமாப் பேசலாம்ல?"

"இன்னிக்கு வேணாம்," என்றாள் மனைவி. "அவர் சம்சாரம் இன்னிக்கு என்ன முடிவு பண்றாங்கன்னு பார்த்துட்டுப் பேசுங்க."

கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அம்மாள் போனார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

10

ஊருக்கு முன்னால் கவிஞர் தப்பித்துவிட்டார். இது நான் எதிர்பார்க்காதது. இப்போது உண்மை தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும் நானும் நீங்களும்தான்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடிக் கடை ஞாயிறாதலால் மூடியிருந்தது. அதைத் தாண்டினார்கள்.

"கைதட்டினாங்க" என்றார் அவர், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"பார்த்தேனே."

தெரு திரும்பினார்கள்.

"எனக்கு அவளைப் பார்த்தா பொறாமையா இருக்கு" என்றாள் அவள்.

"யாரை?"

"செத்தவளை. அவகிட்ட எவ்வளவு பேசுறீங்க. உறை, வாசம், தேநீர்… இந்த மாசம் என்கிட்ட என்ன பேசுனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு…"

"அதுவும் நான்தான் சொன்னேன்."

அவர் நின்றுவிட்டார். அவள் நாலடி முன்னால் போய், திரும்பிப் பார்த்து நின்றாள். மாடிப்படியில் நிற்கிற அதே மாதிரி. அவர் அதைப் பார்த்தார். இந்தத் தடவை கவனித்தார்.

"ரெண்டாவது தடவை படிச்சதெல்லாம் நிஜம்" என்றார்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்லமாட்டேன்." அவர் தோளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. நான் அங்க வந்து உட்கார்ந்ததாலதானே ரெண்டாவது தடவை மாறிச்சு? வராம இருந்தா ரெண்டு தடவையும் செத்திருப்பேன்."

அவளுடைய இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

11

முடிவுகள்.

அ) அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள், கவிதை நிஜமாகிவிடுகிறது. (குழந்தைக்கு இப்போது வெந்நீர் தேவைப்படாது. அக்காவுக்கும் ஆயிரம் வேலை.)

ஆ) அவர் கவிதையைக் கிழித்துப்போட்டு இனி எழுதுவதில்லை என்று சபதம் செய்கிறார். (செய்வார். அடுத்த ஞாயிறுவரை தாங்கும்.)

இ) அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு வ

(இதை எழுதத் தொடங்கினேன் என்பதை மறைக்கவில்லை. முடிவு கனமாக இருக்குமே என்ற சபலம்தான். மூன்றாவது வரிசையிலிருந்து யாரோ என் தோளைப் பார்ப்பது போலிருந்தது. நிறுத்திவிட்டேன். கைதட்டலுக்காக அவளைச் சாகடிக்க ஒருவர் போதும்.)

12

ஆகவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தார்கள். மாடிப்படி ஏறினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் மேலே போய் நிற்கவில்லை, கூடவே ஏறினாள். அது கோபத்தினாலா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. வாசலில் அவள் சாவியைப் போட்டுத் திறந்தாள். உள்ளே போனாள். அவர் கதவுக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவள் திரும்பி, கதவின் விளிம்பில் கையை வைத்தாள்.

"சர்க்கரை தூக்கலா ஒரு தேநீர் போடத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றார். அப்போது அவர் தோள் ஏறியதா இல்லையா என்பது நிலைப்படியின் நிழலில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

அவள் கதவை

இந்த வரியை நான் ஒரு தடவைதான் வாசிப்பேன். மன்றத்தில் இருந்திருந்தால் மரியாதை தெரியாதவன் என்று சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும். இரண்டாம் தடவை உங்களுடையது. கதவைத் திறந்து வைத்தாள் என்று ஒரு வில்லை. கதவைச் சாத்தினாள் என்று இன்னொரு வில்லை. மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவர் வெளியே நின்றுகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், பாவம், கால் வலிக்கும்.

முதலில் போட்டது தெளிவாக இருக்கிறதா, இப்போது போட்டதா?